கடைக்கு வட்ஸ்அப் போதுமா, வேற ஆப்புக்கு மாறணுமா? (திருகோணமலை, சின்ன வியாபாரம்)

உப்புவெளிக் காத்து | 12.03.2025, மாலை 6.15

உப்புவெளில சின்ன கெஸ்ட் ஹவுஸ் நடத்துறன், நிலாவெளில புறாத்தீவுக்கு ஆக்கள் கொண்டுபோற போட்டும் ஓடுது. வேலைக்கு ஏழு பேர். எல்லாம் ஒரே வட்ஸ்அப் குரூப்பிலதான்: புக்கிங், பாஸ்போர்ட் படம், காசு போட்ட சிலிப், நாளைக்கு என்ன மீன் வாங்குறது, எல்லாம். வேலைய விட்டுப் போன பொடியன் ஒருத்தன் இன்னும் குரூப்பிலயே இருக்கிறான் எண்டு இண்டைக்குத்தான் கவனிச்சன். வட்ஸ்அப்ப விட்டுட்டு சிக்னலுக்கு மாறச்சொல்லி ஒராள் சொல்லுறார், ரெலிகிராம்தான் பாதுகாப்பு எண்டு இன்னொராள். சீசன் தொடங்க முதல் முடிவெடுக்கணும். கடை வச்சிருக்கிற ஆக்கள் சொல்லுங்கோ.

எஞ்சின் கடை | 12.03.2025, இரவு 10.05

ஆப் மாத்தி பிரயோசனமில்ல அண்ணை. நான் டவுனில போட் எஞ்சின் ஸ்பெயார் பாட்ஸ் கடை வச்சிருக்கிறன். கவுண்டரில ஒரு தங்கச்சி, மெக்கானிக் ரெண்டு பேர், ஸ்டோருக்கு ஒரு பொடியன், கணக்கு பாக்கிறது மனிசி. புல்மோட்டைல இருந்து மூதூர் மட்டும் ஓடர் வாறது முழுக்க வட்ஸ்அப்பில. கடலுக்குப் போறவங்க ஆரும் எனக்காக சிக்னல் இறக்கப்போறதில்ல, உங்கட கெஸ்ட்டும் ஒரு ரூமுக்காக புது ஆப் போடமாட்டாங்கள். வாடிக்கையாளர் இருக்கிற இடத்திலதான் நாங்களும் இருக்கணும்.

நடுவில ஆரும் வாசிப்பாங்களோ எண்ட பயம் வட்ஸ்அப்பில பெரிசா வேண்டாம். 2016 ஏப்ரல்ல இருந்து மெசேஜ், கோல் எல்லாத்துக்கும் என்ட்-டு-என்ட் என்கிரிப்ஷன் இருக்கு, அதாவது அனுப்புறவரும் எடுக்கிறவரும் தவிர ஆரும் திறக்கேலாத பூட்டு, அதுவும் சிக்னல்காரர் செய்த அதே முறைதான் உள்ளுக்க ஓடுது. ரெலிகிராம் பற்றி ஆக்கள் நினைக்கிறது நேர் எதிர். அதில சாதாரண சட்டும் குரூப்பும் அவங்கட சேர்வரில அவங்களே திறக்கக்கூடிய மாதிரித்தான் கிடக்கும், சீக்ரெட் சட் எண்டு தனியா திறந்தாத்தான் அந்தப் பூட்டு, குரூப்புக்கு அது இல்லவே இல்ல. பெரிய பைல் அனுப்ப ரெலிகிராம் நல்லம், கெஸ்ட்டுட பாஸ்போர்ட்டுக்கு இல்ல.

உங்கட ஓட்டை ஆப்பில இல்ல அண்ணை, அந்த ஒரே குரூப்பில. ஏழு பேர்ட ஏழு போன், ஒவ்வொண்டிலயும் ஆரெண்டே தெரியாத ஒரு மனுசன்ட பாஸ்போர்ட் படம். அதில ஒண்டு பஸ்ஸில தொலைஞ்சா என்கிரிப்ஷன் என்ன செய்யும்?

விட்டுப்போன தம்பிய இப்பவே குரூப்பில இருந்து எடுங்கோ. ஆனா ஒண்டு விளங்கிக்கொள்ளுங்கோ, எடுத்தா இனி வாற மெசேஜ்தான் அவருக்குப் போகாது. இதுவரை வந்த படம், சிலிப் எல்லாம் அவர்ட போனில அப்படியே இருக்கும். கூப்பிட்டு தன்மையா கதைச்சு அழிக்கச்சொல்லுங்கோ, பிழை அவர்ட இல்லத்தானே.

எஞ்சின் கடை | 13.03.2025, காலை 5.50

கடை திறக்க முதல் ஒண்டு. மற்றதெல்லாம் ஆறுதலா செய்யலாம், இத இப்பவே செய்யுங்கோ: வட்ஸ்அப் செட்டிங்ஸுக்க அக்கவுண்ட், அதுக்குள்ள டூ-ஸ்டெப் வெரிபிகேஷன். ஆறு இலக்க பின் ஒண்டு போட்டு, கீழ ஈமெயிலும் குடுங்கோ. ஈமெயில் குடுக்காம விட்டா பின்ன மறக்கிற நேரம் கரைச்சல். பின் உங்கட பிறந்த ஆண்டாவோ கடை நம்பராவோ இருக்கக்கூடாது. வேலை செய்யிற எல்லாரும் தங்கட சொந்த போனிலயும் போடணும், ஒருத்தர்ட அக்கவுண்ட் போனாலும் அதுக்குள்ளால மற்றாக்களிட்ட காசு கேட்டு வருவாங்கள்.

எஞ்சின் கடை | 13.03.2025, இரவு 9.30

நம்பர் பற்றி கேட்டிருக்கிறீங்கள், சொந்த நம்பரிலயே பிஸ்னஸ் வட்ஸ்அப் போட்டா என்ன எண்டு. போடலாம், ஆனா வேண்டாம். இதில எனக்கு மனசில கிடக்கிறத கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன்.

எங்கட கடைல முந்தி ஒவ்வொராளும் தங்கட தங்கட நம்பரிலதான் வாடிக்கையாளரோட கதைச்சவை. ஆரம்பத்தில அது லேசா இருந்தது, ஆரும் குறை சொல்லேல்ல. பிறகு கவுண்டர் தங்கச்சி ஒருநாள் மனிசியிட்ட சொல்லி அழுதிருக்கிறா, இரவு பதினொரு மணிக்கு "தங்கச்சி படுத்திட்டீங்களா" எண்டு மெசேஜ், வீடியோ கோல், வைச்ச படத்துக்கு கமெண்ட். ஸ்பார்க் பிளக் விலை சொல்லுறதுக்காக அந்தப் பிள்ளைட நம்பர் முன்ன பின்ன தெரியாத எத்தின பேர்ட போனுக்குப் போயிருக்கு. வீட்டில சொன்னா வேலைக்கு விடமாட்டாங்கள் எண்டு சொல்லாமலே இருந்திருக்கிறா. பாதுகாப்பு எண்டா ஹேக் பண்றதத் தடுக்கிறது மட்டும்தான் எண்டு நினைக்கிறம், என்னைக் கேட்டா ஒரு சின்னக் கடைல முதலாவது பாதுகாப்பு இதுதான், வேலை செய்யிற பொம்பிளப் பிள்ளைட நம்பர் வாடிக்கையாளர்ட கையில இல்லாம பாக்கிறது.

அண்டைக்குப் பிறகு கடைக்கு தனி சிம், தனி போன், அதில வட்ஸ்அப் பிஸ்னஸ். 2018இல வந்த ஆப் அது, சும்மா இறக்கலாம், சின்னக் கடைக்கு காசு கட்டத் தேவையில்ல. சிம் ஆர்ட பேரில எடுக்கிறீங்கள் எண்டதும் முக்கியம், வேலை செய்யிற தம்பிட அடையாள அட்டைல எடுத்த சிம் எண்டா நாளைக்கு அந்த நம்பர் தம்பிடதான், கடைட இல்ல. முதலாளி பேரில அல்லது வியாபாரப் பதிவுப் பேரில எடுங்கோ. மழைக்காலம் கெஸ்ட் இல்லையெண்டு ரீலோட் போடாம விட்டிடாதீங்கோ, கனகாலம் பாவிக்காத நம்பர கொம்பனி வேற ஆக்களுக்குக் குடுத்திடும்.

ஒரு போன எல்லாரும் எப்பிடிப் பாவிக்கிறது எண்டா, கடை போன் லாச்சிக்குள்ள இருக்கும், அதோட இன்னும் நாலு டிவைஸ் லிங்க் பண்ணலாம். கவுண்டர் கொம்பியூட்டர், ஸ்டோர் டப், மனிசிட லப்டொப். ஒராள் வேலைய விட்டா லிங்க்ட் டிவைசஸ் எண்ட இடத்தில போய் அவர்ட டிவைஸ லொக் அவுட் பண்ணினா சரி, சட் எல்லாம் கடையோடயே நிக்கும். லாச்சி போன 14 நாளைக்கு மேல ஆரும் திறக்காம விட்டா லிங்க் பண்ணினதெல்லாம் தானா கழண்டிடும், அதால நாளுக்கு ஒருக்கா திறந்து சார்ஜ் பாருங்கோ.

எஞ்சின் கடை | 14.03.2025, மதியம் 1.10

கேக் செய்யிற அக்கா ஒராள், வாடிக்கையாளர ஒரே குரூப்பில போடுறது சரியில்லையோ எண்டு கேட்டிருக்கிறா: ஓம் அக்கா, வாடிக்கையாளர் எல்லாரையும் ஒரு குரூப்பில போட்டு விலை போடுறது வேண்டவே வேண்டாம். குரூப்பில இருக்கிற எல்லாருக்கும் எல்லாருட நம்பரும் தெரியும். உங்களிட்ட கேக் வாங்கின ஒரு அம்மாட நம்பர் ஆரோ ஒரு ஆளிட்ட போறதுக்கு நீங்கள் காரணமாகக்கூடாது. புரோட்காஸ்ட் லிஸ்ட் எண்டு ஒண்டு இருக்கு, 256 பேர் வரைக்கும் ஒரு லிஸ்டில போடலாம், ஒவ்வொராளுக்கும் தனி மெசேஜ் மாதிரித்தான் போகும், மற்றாள் ஆரெண்டு தெரியாது. உங்கட நம்பர சேவ் பண்ணி வச்சிருக்கிற ஆக்களுக்குத்தான் அது போய்ச் சேரும், என்னைப் பொறுத்தவரை அது நல்லதுக்குத்தான், வேண்டாத ஆக்களுக்குத் தொந்தரவில்ல.

எஞ்சின் கடை | 16.03.2025, இரவு 8.45

இண்டைக்கு ஒரு விசயம் நடந்தது, சூட்டோட எழுதுறன்.

கிண்ணியால எங்கட பழைய வாடிக்கையாளர் ஒரு நானா, பத்து வருசத்துக்கு மேல பழக்கம். அவர்ட நம்பரில இருந்து மத்தியானம் மெசேஜ், "தம்பி அவசரமா காசு வேணும், இந்தக் கணக்குக்கு போட்டுவிடுங்க, நாளைக்கு கடைக்கு வந்து தாறன்". அவர்ட படம், அவர்ட நம்பர், பழைய சட்டுக்குக் கீழயே வந்து விழுந்திருக்கு. ஸ்டோர் பொடியன் ஓடிவந்து போடவா எண்டு கேட்டான். மனிசி உடன போன எடுத்து நானாவுக்கு சாதாரண கோல் எடுத்தா. அவர் பள்ளியால வந்து வீட்டில இருந்தார், "நான் ஒண்டும் கேக்கல்லயே பிள்ளை" எண்டார். அதுக்கு முதல்நாள் அவருக்கு தெரிஞ்ச ஒராள்ட நம்பரில இருந்து "உங்கட போனுக்கு தவறி ஒரு கோட் வந்திருக்கு, அனுப்பிவிடுங்க" எண்டு கேட்டு இவர் குடுத்திருக்கிறார். கேட்டவர்ட அக்கவுண்டும் ஏற்கனவே களவு போனதுதான். இப்பிடித்தான் ஒராளில இருந்து மற்றாளுக்கு ஊர் முழுக்க போகுது.

அந்த ஆறு இலக்க எஸ்எம்எஸ் கோட்தான் உங்கட நம்பர் வட்ஸ்அப்பிட திறப்பு. பெத்த தாய் கேட்டாலும் குடுக்கக்கூடாது. வட்ஸ்அப் கொம்பனி, வங்கி, போன் கொம்பனி ஆரும் அதக் கேக்கிறதில்ல.

நானாவுக்கு என்ன செய்தமெண்டா, அவர்ட போனில வட்ஸ்அப்ப திரும்ப நம்பர் போட்டு ரெஜிஸ்டர் பண்ணினம், எஸ்எம்எஸ் கோட் வந்தது, போட்டோண்ண கள்ளன் வெளில. ஆனா கள்ளன் அதுக்கிடையில ஒரு பின் போட்டு வச்சிட்டான். பின் தெரியாட்டி 7 நாள் காத்திருக்கணும், பிறகுதான் உள்ள போகலாம். இதில ஆக்கள் பயந்து விட்டிடுறாங்கள், பயப்பிடத் தேவையில்ல: எஸ்எம்எஸ் கோட்ட நீங்கள் போட்ட அந்த நிமிசமே கள்ளன் லொக் அவுட். 7 நாள் உங்களுக்கும் இல்ல, அவனுக்கும் இல்ல. அந்த நேரம் தெரிஞ்ச ஆக்கள் எல்லாருக்கும் கோல் எடுத்து சொல்லிடணும். நானாட மகன் முழு குடும்பத்துக்கும், மீன் வாடி ஆக்களுக்கும் கோல் எடுத்து சொல்லி முடிச்சிட்டான். இலங்கை சேர்ட்டுக்கு (கணினிப் பாதுகாப்பு அவசர உதவி நிறுவனம்) 101 அடிச்சும் சொல்லலாம், காசு போயிருந்தா பொலிசுக்கும் வங்கிக்கும் அண்டைக்கே.

எங்கட கடைல இதுக்கு ஒரே ஒரு சட்டம்: மெசேஜில வந்த கணக்கு நம்பருக்கு, ஆர் அனுப்பினாலும், நான் அனுப்பினாலும், சாதாரண கோல் எடுத்து குரல் கேக்காம ஒரு சதம் போறதில்ல. வட்ஸ்அப் கோல் இல்ல, சாதாரண கோல். வட்ஸ்அப் கோல் எடுத்தா அது கள்ளனுக்குத்தான் போகும்.

எஞ்சின் கடை | 16.03.2025, இரவு 9.20

மேல எழுதினதோட சேத்து வாசியுங்கோ. இன்னொரு வழியும் இருக்கு, கோட் கேக்காமலே எடுக்கிறது. போன் கொம்பனி எண்டு சொல்லி கோல் எடுத்து நட்சத்திரக் குறில தொடங்குற ஒரு இலக்கத்த அடிக்கச்சொல்லுவாங்கள், கடைசில வேற ஆர்டயோ நம்பர் இருக்கும். அடிச்சா உங்கட கோல் எல்லாம் அந்த நம்பருக்கு திரும்பிப் போகும், பிறகு வட்ஸ்அப் கோட்ட எஸ்எம்எஸ்ல எடுக்காம கோலில எடுத்துக்கொள்ளுவாங்கள். கோல் எங்கயாவது திரும்புதோ எண்டு பாக்க *#21# அடிக்கலாம், எல்லாத்தையும் நிப்பாட்ட ##002#. இத கடைப் போன் பின்பக்கம் பேப்பரில எழுதி ஒட்டி வச்சிருக்கிறம்.

எஞ்சின் கடை | 19.03.2025, இரவு 10.40

பாதுகாப்பு பற்றியே எழுதிக்கொண்டு வேலை எப்பிடி சுறுக்கா முடிக்கிறது எண்டத விட்டாச்சு. 

எனக்கு வாற மெசேஜில கரைச்சலான சாமான் வொய்ஸ். கரைல நிண்டு, காத்து இரைய, பின்னால எஞ்சின் உறும, மூண்டு நிமிசம் கதைச்சு அனுப்புவாங்கள், அதில ரெண்டு நிமிசம் கடல் எப்பிடி, மீன் எப்பிடி, கடைசில "போன முறை வாங்கின அதே சாமான், பொடியன்ட குடுத்துவிடுங்க". எந்த எஞ்சின், 25 குதிரைவலுவா 40ஆ, ஒண்டும் இல்ல. வோட்டர் பம்ப் இம்பெல்லர் பாக்க ஒரேமாதிரித்தான் இருக்கும், மாறிப் போட்டா எஞ்சின் சூடாகி நடுக்கடலில நிக்கும், உயிர் சம்பந்தப்பட்ட விசயம் இது. அதால வொய்ஸ நிப்பாட்டச்சொல்ல எனக்கு மனமில்ல, எழுத வாசிக்க கஷ்டப்படுற வயசான ஆக்கள் இருக்கினம், அவையளுக்கு வொய்ஸ்தான் வழி. நாங்கள் செய்யிறது, வொய்ஸக் கேட்ட ஆள் அதுக்குக் கீழ ரிப்ளை போட்டு ஒரு வரி எழுதணும்: எஞ்சின், குதிரைவலு, சாமான், எத்தினை, ஆர் வந்து எடுக்கிறது, விலை. அதுக்கு அவர் "ஓம்" எண்டு சொன்னாத்தான் சாமான் பெட்டிக்க போகும். சிங்கள மீனவர் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில இருந்து கோல் எடுப்பாங்கள், அவங்களுக்கு அந்த ஒரு வரி சிங்களத்தில போகும், மெக்கானிக் தம்பி எழுதுவான். சாமான் பேர் மூண்டு பாசைலயும் கிட்டத்தட்ட ஒண்டுதான், இலக்கம் சரியா இருந்தாப் போதும்.

படம் அனுப்பச்சொல்லுற ஆக்களுக்கு: எஞ்சின போட்டில பூட்டுற பிராக்கெட்டில ஒரு தகடு இருக்கும், அதில மொடலும் சீரியல் நம்பரும். உப்புத்தண்ணி பட்டு மங்கியிருக்கும், ஈரத்துணியால துடைச்சிட்டு எடுக்கச்சொல்லுங்கோ. வட்ஸ்அப் படத்த சுருக்கித்தான் அனுப்பும், எழுத்து வாசிக்கேலாம வரும், எச்டி அமத்தி அனுப்பணும் இல்லாட்டி டொக்குமெண்ட்டா அனுப்பணும். உங்களுக்கும் அண்ணை, கெஸ்ட் அனுப்புற படத்தில பாஸ்போர்ட் நம்பர் வாசிக்கேலாம வந்தா இதுதான் காரணமா இருக்கும்.

உள்ளுக்க எங்களுக்கு மூண்டு குரூப். ஓடர், காசு, பொது. காசு குரூப்பில நானும் மனிசியும் கவுண்டர் தங்கச்சியும் மட்டும். ஓடர் குரூப்பில ஓடரத் தவிர வேற கதை இல்ல, குட் மோர்னிங் படம் இல்ல. பொதுவில என்னவும் போடலாம், டொக்யார்ட் வீதில மான் கூட்டம் படுத்திருக்கிற படம், கோயில் திருவிழா, பிள்ளைட பேர்த்டே. முதல்ல நான் அந்த பொதுக் குரூப் தேவையில்ல எண்டுதான் நினைச்சனான், மனிசிதான் வேணும் எண்டா. இப்ப யோசிச்சா அது இல்லாட்டி ஓடர் குரூப் சுத்தமா இருந்திருக்காது, மனுசருக்கு கதைக்க ஒரு இடம் வேணும்தானே.

எஞ்சின் கடை | 20.03.2025, காலை 6.05

"எல்லாருக்கும் டிலீட் போட்டா போயிடும்தானே" எண்டு ஒராள் எழுதியிருக்கிறார். போகாது தம்பி, அத நம்பி ஒண்டும் அனுப்பாதீங்கோ. ரெண்டு நாளும் கொஞ்ச மணித்தியாலமும்தான் அதுக்கு நேரம், அதுக்குள்ள அழிச்சாலும் படம் போன் கலரிக்க (படம் எல்லாம் சேருற இடம்) தானா இறங்கியிருந்தா அங்க இருக்கலாம், ஆரும் ஸ்கிரீன்சொட் எடுத்திருந்தா அதுவும் இருக்கும். எழுத்துப் பிழை விட்டா 15 நிமிசத்துக்குள்ள எடிட் பண்ணலாம், விலைய பிழையா அடிச்சா அத பாவியுங்கோ.

எஞ்சின் கடை | 22.03.2025, இரவு 9.15

பாஸ்போர்ட், அடையாள அட்டை படம். இதப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாத்தான் சொல்லப்போறன்.

எங்கட பழைய அடையாள அட்டை நம்பர எடுங்கோ, முதல் ரெண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூண்டு அந்த ஆண்டில எத்தினையாவது நாள், பொம்பிளையா இருந்தா அதோட 500 கூட்டியிருக்கும். 2016இல வந்த 12 இலக்க நம்பரிலயும் முதல் நாலு ஆண்டு, அடுத்த மூண்டு நாள். அதாவது நம்பர் தெரிஞ்சாலே பிறந்த திகதியும் ஆணா பெண்ணா எண்டதும் தெரியும். அட்டைல பேர், விலாசம் எல்லாம் கிடக்கு. இத ஏழு பேர்ட குரூப்பில போடுறது எண்டா அந்த மனுசர்ட வாழ்க்கைய றோட்டில வைக்கிற மாதிரி. கெஸ்ட் உங்கட முகத்தப் பாத்து நம்பித்தான் தாறான்.

செய்யவேண்டியது: கெஸ்ட் கடை நம்பருக்கு மட்டும் அனுப்பட்டும். விவரத்த பதிவுப் புத்தகத்தில எழுதிட்டு படத்த சட்டிலயும் கலரியிலயும் அழியுங்கோ. அந்தப் போனில மீடியா ஓட்டோ டவுன்லோட நிப்பாட்டுங்கோ, கலரியில காட்டுறதையும் நிப்பாட்டுங்கோ, இல்லாட்டி படம் கூகுள் போட்டோஸுக்கும் போய் நிக்கும், அந்த அக்கவுண்ட் எந்த மருமகன் திறந்து குடுத்ததெண்டு ஆருக்குத் தெரியும். இப்பிடி விவரம் வாற சட்டுக்கு டிசப்பியரிங் மெசேஜும் (தானா அழியிற மெசேஜ்) போடலாம், 24 மணித்தியாலம், 7 நாள், 90 நாள் எண்டு மூண்டு இருக்கு, கெஸ்ட்டுக்கு 7 நாள் காணும். ஓடர் சட்டுக்கு மட்டும் போடாதீங்கோ, ரெண்டு மாசம் கழிச்சு "நான் இத சொல்லேல்ல" எண்டு வரேக்க ஒண்டும் இருக்காது.

சட்டமும் இருக்கு, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். எடுத்த விவரத்த எடுத்த காரியத்துக்கு மட்டும் பாவிக்கணும், தேவை முடிஞ்சா வச்சிருக்கக்கூடாது எண்டதுதான் அதிட அடிப்படை. சட்டம் வரட்டும் பாப்பம் எண்டு இருக்காதீங்கோ, அதே கெஸ்ட் உங்கட சொந்தத் தங்கச்சியா இருந்தா எப்பிடி வச்சிருப்பீங்களோ அப்பிடி வச்சிருங்கோ.

எஞ்சின் கடை | 23.03.2025, மாலை 5.30

சிலிப் படம் வந்தா காசு வந்ததா எடுக்கலாமோ எண்டு மூதூர் நானா கேட்டதுக்கு சுருக்கமா. சிலிப் படம் காசு இல்ல. படத்தில தொகையையும் திகதியையும் மாத்துறது இப்ப சின்னப்பிள்ளை வேலை. வங்கி ஆப்ப திறந்து கணக்கில விழுந்திருக்கோ எண்டு பாத்திட்டு சாமான குடுங்கோ. சீஈஎஃப்டிஎஸ் (வங்கிக்கு வங்கி உடன காசு மாத்துற முறை) வழியா அனுப்பினது எண்டா வேற வங்கில இருந்தும் கொஞ்ச நேரத்திலயே விழும், அதால "நாளைக்கு வரும்" எண்ட கதைக்கு இடமில்ல. செக் போட்ட சிலிப் எண்டா செக் பாஸாகும் மட்டும் காசு வந்ததா எடுக்காதீங்கோ. கவுண்டர் தங்கச்சிக்கு வங்கி எஸ்எம்எஸ் வாற மாதிரி கடை நம்பர வங்கில குடுத்திருக்கிறம், அவ நிண்ட இடத்தில பாத்து சொல்லுவா, வாடிக்கையாளரும் கோவிக்கிறதில்ல.

எஞ்சின் கடை | 27.03.2025, இரவு 11.00

கடல் வேலைல போன் தண்ணிக்க விழுறது புதினமில்ல. போன கிழமை கூட ஒரு மெக்கானிக்ட போன் ஜெட்டில நழுவிப் போச்சு. அதில கடை சட் ஒண்டும் இல்லாததால ஆருக்கும் நித்திரை கெடேல்ல.

கடை போனே தொலைஞ்சா, முதல் வேலை கொம்பனிக்கு கோல் எடுத்து சிம்ம நிப்பாட்டுறது, பிறகு அதே நம்பருக்கு புது சிம் எடுத்து வேற போனில வட்ஸ்அப் ரெஜிஸ்டர் பண்ணுறது. அப்பிடி செய்தோண்ண பழைய போனில வட்ஸ்அப் நிண்டிடும். சட் திரும்ப வரணுமெண்டா பக்அப் இருக்கணும். பக்அப்புக்கு தனிப் பூட்டு 2021இல வந்தது, அதுக்கு முதல் கூகுள் டிரைவில போற பக்அப்புக்கு வட்ஸ்அப்பிட பூட்டு இல்ல. இப்பவும் நீங்களா ஒன் பண்ணினாத்தான். பாஸ்வேட் ஒண்டு போடலாம், இல்லாட்டி 64 இலக்க திறப்பு எடுக்கலாம். ரெண்டும் மறந்தா ஆராலும் திறந்து தரேலாது, வட்ஸ்அப்காரராலயும் ஏலாது. எழுதி அலமாரில காணி உறுதியோட வையுங்கோ.

போன் ஸ்கிரீன் லொக் பற்றி எழுதணுமா? போடுங்கோ. அவ்வளவுதான்.

எஞ்சின் கடை | 02.04.2025, இரவு 8.20

"இவ்வளவும் வட்ஸ்அப்பில வச்சா வட்ஸ்அப் நிண்டா என்ன செய்யிறது" எண்டு ஒராள் கேட்டது இந்த இழைல வந்த நல்ல கேள்வி. நாங்கள் இலங்கைல இருக்கிறம், இது எங்களுக்கு கற்பனை இல்ல. 2018 மார்ச்சில கண்டிப் பக்கம் கலவரம் நடக்கேக்க பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் மறிச்சு வச்சவங்கள். 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு ஒரு கிழமைக்கு மேல. 2022 ஏப்ரல் 3 ஊரடங்கு நேரம் திரும்பவும், அது அண்டைக்கே விட்டவங்கள். அரசாங்கம் மறிக்காமலும் நிண்டிருக்கு, 2021 ஒக்டோபர் 4 இரவு 9 மணிக்குப் பிறகு உலகம் முழுக்க ஆறு மணித்தியாலத்துக்குக் கிட்ட.

அந்த நேரங்களில விபிஎன் (மறிச்சத சுத்திப் போக வைக்கிற ஆப்) போட்டு ஓடின ஆக்கள் கனபேர். கண்ட கண்ட இலவச விபிஎன்ன கடை போனில இறக்காதீங்கோ, உங்கட போக்குவரத்து முழுக்க ஆரெண்டு தெரியாத ஒருத்தன்ட கையால போகும். அத விட சாதாரண கோலும் எஸ்எம்எஸ்ஸும் காணும். வாடிக்கையாளர் நம்பர் எல்லாம் ஒரு சீஆர் கொப்பில எழுதி வச்சிருக்கிறம், ஊர் ஊரா பிரிச்சு: குச்சவெளி, நிலாவெளி, கிண்ணியா, மூதூர். மனிசி மாசத்தில ஒருக்கா புதுசு சேர்ப்பா. சும்மா கிடக்கிற கொப்பு எண்டு நினைக்கலாம், 2019இல அந்தக் கொப்பாலதான் கடை ஓடினது.

இத எழுதேக்க சிக்னல் பற்றி முதல்நாள் சொன்னதோட ஒண்டு சேர்க்கணும் போல கிடக்கு. வாடிக்கையாளருக்கு சிக்னல் சரிவராது எண்டதில மாற்றமில்ல. ஆனா உள் ஆக்கள் ரெண்டு மூண்டு பேருக்குள்ள, சம்பளம், கடன், ஆரோட கணக்கு நிலுவைல நிக்குது எண்ட கதைக்கு, சிக்னல் வச்சா நல்லம். பாவிக்க வட்ஸ்அப் மாதிரித்தான். முக்கிய லாபம் வேற இடத்தில: வாடிக்கையாளர்ட சட்டுக்குப் பக்கத்தில சம்பள சட் இல்ல, அவசரத்தில மாறி அனுப்புப்பட வழியில்ல. மனிசியும் நானும் இப்ப அப்பிடித்தான்.

எஞ்சின் கடை | 05.04.2025, காலை 5.40

இரவில மெசேஜுக்கு பதில் போடாட்டி வாடிக்கையாளர் போயிடுவாங்களோ எண்டு கேக் அக்கா பயப்பிடுறா. எங்களுக்கு விடிய நாலு மணிக்கே மெசேஜ் வரும், போட் கரைக்கு வாற நேரம் அது. பிஸ்னஸ் ஆப்பில அவே மெசேஜ் (நாங்கள் இல்லாத நேரம் தானா போற பதில்) இருக்கு, கடை நேரத்தையும், எஞ்சின் கடலில நிண்டா எடுக்கவேண்டிய நம்பரையும் எழுதி விட்டிருக்கிறம். அந்த அவசர நம்பர் என்ட, வேலையாக்கள்ட இல்ல. ஆறரை மணிக்குப் பிறகு ஓடர் குரூப்பில வாறதுக்கு விடியத்தான் பதில், ஆரும் பதில் போடேல்ல எண்டு ஏசுறதில்ல. நித்திரை கொண்டு வாற பிள்ளை சாமான் மாறிக் குடுக்காது. அடிக்கடி கேக்கிறதுக்கு குவிக் ரிப்ளை எழுதி வையுங்கோ அக்கா, விலைப்பட்டியல், ஓர்ஸ் ஹில்லுக்கு வாற வழி, முற்பணம் எவ்வளவு, எல்லாம் ஒரு தட்டில போகும். லேபலும் பாவியுங்கோ, "காசு வரோணும்", "நாளைக்கு குடுக்கணும்" எண்டு நிறம் போட்டு வச்சா ஒரு ஓடரும் தவறாது.

எஞ்சின் கடை | 09.04.2025, இரவு 9.50

கடைசியா அண்ணை கேட்டது, சட்டில வந்த ஓடர் நாளைக்கு ஒரு பிணக்கு வந்தா செல்லுமா எண்டு. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் எழுத்தில இல்ல எண்டதுக்காக மட்டும் இலத்திரனியல் பதிவ தள்ளக்கூடாது எண்டுதான் சொல்லுது. அதுக்காக வட்ஸ்அப் சட்டில இருக்கிறத மட்டும் நம்பி இருக்காதீங்கோ, பெரிய தொகைக்கு பில் எழுதி கையெழுத்து வாங்குங்கோ. போட் முழு நாள் வாடகை மாதிரி விசயத்துக்கு திகதி, எத்தினை பேர், தொகை, காலநிலை பிழைச்சா காசு திருப்பித் தாறதா இல்லையா, இந்த நாலையும் ஒரே மெசேஜில எழுதி கெஸ்ட்டிட்ட "ஓம்" வாங்கி ஸ்டார் போட்டு வையுங்கோ. மாச முடிவில அப்பிடியான சட்ட எக்ஸ்போர்ட் பண்ணி கடை ஈமெயிலுக்கு அனுப்பிடுங்கோ, மீடியா இல்லாம எடுத்தா சின்ன பைல்தான்.